காணாமல் போன தடுப்பு

அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்தினார்கள். சேர்ந்து என்றால், அண்ணன் பேசுவார், தங்கை வரைவாள். அவள்தான் அடம்பிடித்து த்ரீடி பிரிண்டர் வாங்க வைத்து, வீடியோ பார்த்துப் பார்த்து அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் அது கக்கியதெல்லாம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி பிளாஸ்டிக் இழைதான். அண்ணன் கெடு வைத்துவிட்டார்.

"பல் டாக்டர் வீட்டு மாடல் ஒழுங்கா வரலன்னா மெஷின் திரும்பிப் போயிடும். நீ பழையபடி வரைபடத்துக்குக் கலர் அடிச்சுக்கிட்டு இரு."



மாடல் வழவழவென்று வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரும் மனைவியும் வந்து உட்கார்ந்து, அண்ணன் கூரையைக் கழற்றிக் காட்டியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அண்ணன் பிடிவாதமாகப் போடச் சொன்ன மரத்தடுப்பைக் காணோம். நிஜத்தில் அது விரல் தடிமன். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் காகிதம். அவ்வளவு மெல்லிசாக மெஷினால் போட முடியாது. முடியாததைச் சொல்லவும் சொல்லாது, கமுக்கமாக விட்டுவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் தடிமனைக் கூட்டியிருக்க வேண்டும். மற்றதையெல்லாம் சரிபார்த்தவள் இதை விட்டுவிட்டாள். தனக்குப் பிடிக்காத சுவரை யார் குனிந்து பார்ப்பார்கள்?

டாக்டரின் மனைவி சமையலறைக்குள் விரலை விட்டு ஹால் வழியாக வெளியே எடுத்தார். "இங்க தடுப்பு இருந்துச்சே?"

அண்ணன் முந்திக்கொண்டார். "உங்களுக்காகத்தாம்மா எடுத்துட்டோம். ராத்திரி பகலா யோசிச்சோம்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவளும் தலையாட்டியிருந்தால் மெஷின் தப்பித்திருக்கும். ஆனால் அந்தப் புளுகு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரும் யோசிக்கல மேடம். மெல்லிசா விட்டுட்டேன், மெஷின் அத போடல. என் தப்பு."



அந்த அம்மாள் கணவரை ஒரு பார்வை பார்த்தார். "சமையலறை திறப்பா இருக்கட்டும்னு முதல்லேர்ந்து கத்துறேன். உங்களுக்கும் கேக்கல, இந்த சாருக்கும் கேக்கல. மெஷினுக்குக் கேட்டிருக்கு." நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே நீங்களே என்கிட்ட பேசுங்க. தப்பு நடந்தா நடந்துச்சுன்னு சொல்ற ஆளுதான் எனக்கு வேணும்."

அண்ணன் கனைத்துக்கொண்டு, டாக்டருக்கு வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி விளக்கப் போனார். தங்கை கணினித் திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள்.

"வேற எந்தச் சுவர் பிடிக்கல, சொல்லுங்க மேடம்."