துபாய்ப் பை

நாகலெட்சுமி வீட்டுக் குப்பைக்குக்கூட ஒரு பவுசு உண்டு. ஊரில் மற்றவர்கள் வீட்டுக் குப்பை முறத்தில் போகும், ஓட்டை வாளியில் போகும். அவள் வீட்டுக் குப்பை மட்டும் துபாய்ப் பையில் போகும்.

மகன் மருதுபாண்டி துபாய்க்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஏதோ பெரிய கடையில் சாமான் அடுக்குகிற வேலை. இங்கே அவன் அம்மா சொல்வதைக் கேட்டால் அந்தக் கடையே அவனுடையது என்று தோன்றும். லீவில் வரும்போது அந்தக் கடைப் பையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கரும்பச்சைப் பை, மேலே தங்கக் கலரில் அரபி எழுத்து. சாயல்குடிக் கடைகளில் தருகிற பை மாதிரி தொட்டதும் கிழியாது, நல்ல தடிமன். நாகலெட்சுமி அதில் வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, மிஞ்சின சோறு எல்லாவற்றையும் திணித்து, வாயை முறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக இரண்டு போட்டு இறுக்குவாள். காலை எட்டு மணிக்கு, வீட்டுக்கு எதிரே சாயல்குடி பஸ்ஸுக்கு நாலு சனம் நிற்கிற நேரமாகப் பார்த்து, பஞ்சாயத்து வைத்த சிமெண்டுத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவாள். வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தும் அந்த ஒரு வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டாள்.

“சுத்தம்னா இப்படியில்ல இருக்கணும்” என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நடப்பாள்.

த்தூ! நகையைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறவளைப் பார்த்திருக்கிறோம், பட்டுச்சேலையைக் காட்டுகிறவளைப் பார்த்திருக்கிறோம். குப்பையைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறவளை இந்த இரண்டாயிரத்து ஏழில்தான் கருத்தம்மாள் பார்த்தாள். அந்தத் தொட்டியை அள்ள யாரும் வருவதும் கிடையாது. நிரம்பி வழிந்து, காற்றடித்தால் பையெல்லாம் கருவேல மரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். போன ஐப்பசி மழைக்குக் கண்மாய் மடையை அடைத்துக்கொண்டதும் இந்தப் பைகள்தான்.

இதையெல்லாம் கருத்தம்மாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல முடியாமல் அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது செவலை.

செவலை நாகலெட்சுமி வீட்டு மாடு. கருத்தம்மாள் அதை வாரத்துக்கு வளர்த்தாள். வாரம் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். மாடு உடையவர்களுடையது, பாடு வளர்க்கிறவளுடையது. முதல் கன்று உடையவர்களுக்கு, இரண்டாவது கன்று வளர்க்கிறவளுக்கு. முதல் ஈற்றில் செவலை கிடேரிதான் போட்டது. பால் மறந்ததும் அதை நாகலெட்சுமி வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். இப்போது இரண்டாவது சினை, ஆறாம் மாசம். உள்ளே கிடப்பது கருத்தம்மாளுடைய கன்று. நாற்பத்தாறு வயசு வரைக்கும் அடுத்தவர் மாட்டுக்கே சாணி அள்ளிய கைக்கு, முதல்முதலாகத் தன் மாடு என்று ஒன்று வரப்போகிறது. அந்த நினைப்பிலேயே மாட்டின் வயிற்றை அவள் தடவித் தடவிச் செவலைக்கு அந்த இடத்தில் மயிர் பளபளத்துப் போயிருந்தது.

கருத்தம்மாள் வீட்டில் குப்பை என்று தனியாக ஒன்று சேர்வதில்லை. கழனித்தண்ணியும் காய்த்தோலும் செவலைக்கு, சாம்பல் பாத்திரம் விளக்க, சாணி எருக்குழிக்கு, காய்ந்த பனைமட்டை அடுப்புக்கு. கடைப் பை ஒன்று வந்தால் கழுவி வேலிமுள்ளில் காயப்போட்டு, கிழிகிற வரைக்கும் அதையேதான் கடைக்கு எடுத்துப் போவாள்.

ஆனி மாசம் ஒருநாள் அவள் நாகலெட்சுமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அம்மா, அந்தத் தோலு தொலியெல்லாம் பையில கட்டித் தொட்டியில போடாதீக. வாசனைக்கு மாடு பையோட முழுங்கிருது. என்கிட்டக் குடுங்க, நான் தெனம் வந்து வாங்கிக்கிறேன், செவலைக்குத்தான் போடுறேன்.”

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். “இந்தா கேட்டீகளா! கன்னுல பங்கு பத்தாதுன்னு நம்ம குப்பையிலயும் பங்கு கேட்டு வந்திருக்கா! குப்பைக்குக்கூட வக்கில்லாத வீடு போல!”

பொன்னுச்சாமி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சிரித்தார். அந்த மனுசன் பெண்டாட்டி சிரித்தால் சிரிப்பார், அவள் முறைத்தால் முறைப்பார். கருத்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். சரி, கன்று வரட்டும், அப்புறம் இந்த வாசலை மிதித்தால் என்னை ஏன் என்று கேள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மேய்ச்சல் முடிந்து வரும்போது செவலையைத் தொட்டிப் பக்கம் அண்டவிடாமல் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துத்தான் ஓட்டிவருவாள். ஆனால் தெருக்கோடி முழுக்கப் பறந்து கிடக்கிற பையை எத்தனை கண் வைத்துப் பார்ப்பது? முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையா இருக்கிறது? வாழைப்பழத் தோல் வாசனை வந்தால் முடிச்சோடு ஒரே இழுப்பு.

ஆவணி பிறந்த நாலாம் நாள் செவலை தீனியில் வாய் வைக்கவில்லை. அசை போடவில்லை. வயிறு இடதுபக்கம் மேடு தட்டி மத்தளமாக நின்றது. வெற்றிலையும் சுக்கும் இடித்து நல்லெண்ணெயில் கலந்து மூங்கில் குழாயால் ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் புருஷன் சின்னச்சாமி உப்பளத்து வேலையைப் போட்டுவிட்டு சாயல்குடிக்குப் போய் மாட்டு டாக்டர் ஹமீது சுல்தானைக் கூட்டிவந்தான். சேதி கேட்டுப் பொன்னுச்சாமியும் நாகலெட்சுமியும் வந்தார்கள். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

கீழக்கரைக்காரரான டாக்டர் மாட்டைத் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். “வயித்துல அடைச்சிருக்கு. கிழிச்சுத்தான் எடுக்கணும். கிழிச்சா கன்னு தங்குமான்னு என்னால சொல்ல முடியாது. கிழிக்காட்டி ரெண்டுமே தங்காது.”

“மாடு பொழைச்சாப் போதும், கிழிங்க” என்றார் பொன்னுச்சாமி. அவருக்கென்ன, மாடுதானே அவருடையது. கன்று கருத்தம்மாளுடையது. ஆனாலும் செவலை மூச்சு வாங்குகிறதைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? அவளும் தலையை ஆட்டினாள்.

நிற்கவைத்தே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவில் கிழித்து, டாக்டர் தோள்வரைக்கும் கையை விட்டார். முதல் பிடியில் வந்ததைத் தார்ப்பாயில் போட்டார். கரும்பச்சை. அடுத்த பிடி, அதுவும் கரும்பச்சை. அப்புறம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தது. சாயல்குடிக் கடைப் பை துண்டும் துணுக்குமாக அங்கங்கே கிடந்தது. முழுசு முழுசாக வந்ததெல்லாம் அந்தத் தடிமன் பைதான், எல்லாம் பதினேழு. ஒன்றில்கூட முடிச்சு அவிழவில்லை. உள்ளே இருந்த தோல் அழுகிக் குழம்பாகியிருந்தது. நாற்றம் தாங்காமல் கூட்டம் நாலடி பின்னால் போனது.

“யாரு வீட்டுப் பை இது?” என்றார் டாக்டர்.

“ஊர்க் குப்பைங்க. யாரு வீட்டுதுன்னு யாரு கண்டா?” என்று பொன்னுச்சாமி வானத்தைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது.

டாக்டர் ஒரு பையை வாளித் தண்ணீரில் அலசி விரித்தார். தங்க எழுத்து அப்படியே மின்னியது. சின்ன வயசில் அரபி ஓதப் போனவர், கொஞ்ச காலம் துபாயிலும் இருந்தவர். நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னார்: “நன்றி, மீண்டும் வருகன்னு போட்டிருக்கு.”

“அதான் பதினேழு தடவை வந்திருக்கு!” என்றார் டீக்கடைக் கூத்தையா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நாகலெட்சுமி முகம் கறுத்தது. வெட்கப்பட்டாளா என்றால் அதுதான் இல்லை. “பை என்ன செய்யும்? நான் தொட்டியிலதான போட்டேன்! மேய்க்கிறவ கண்ணு எங்கன போச்சு? இங்கன கெடந்து பராக்குப் பாத்துட்டு என்னைச் சொல்றாளுக!” என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தையல் போட்டு முடித்த டாக்டர் பொன்னுச்சாமியிடம் சொன்னார்: “இனி ஒரு பை உள்ள போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீக. குழி தோண்டுற ஆளைக் கூப்பிடுங்க.”

செவலை பிழைத்தது. பதினோராம் நாள் கன்று வந்தது. மாசம் முற்றாமல், மூச்சில்லாமல் வந்தது. கிடேரி. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. செவலை அதை நக்கி நக்கிப் பார்த்துவிட்டுக் கருத்தம்மாள் முகத்தைப் பார்த்தது. கருத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்று சின்னச்சாமி பிறகு சொன்னான். எருக்குழிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

மூன்றாம் நாள் நாகலெட்சுமி வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று கருத்தம்மாள் எழுந்துகூட நின்றுவிட்டாள், பைத்தியக்காரி. வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு மாட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாடு தேறிருச்சு. நல்லது. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல கருத்தம்மா, அதச் சொல்லிட்டுப் போவம்னு வந்தேன். இது உன் முறைக் கன்னு. தங்காமப் போனது உன் தலையெழுத்து. அடுத்த ஈத்து எங்க முறை. பின்னாடி மாத்திப் பேசக் கூடாது பாரு.”

இவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானா? ஈரம் என்று பேருக்குக்கூட ஒரு பொட்டு இல்லையே! நல்ல சொல் இவளிடம் எதிர்பார்த்ததற்குக் கருத்தம்மாளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாகலெட்சுமி போனதும் தார்ப்பாயில் சுருட்டி வைத்திருந்த பதினேழு பையையும் எடுத்து முடிச்சை அரிவாள்மணையில் அறுத்தாள். ஒவ்வொன்றாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கிணற்றடியில் அலசி, வேலிமுள்ளில் காயப்போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணி. பஸ்ஸுக்கு நல்ல கூட்டம். கருத்தம்மாள் இடுப்பில் கூடையும் கையில் கயிறுமாகச் செவலையை நடத்திக்கொண்டு நாகலெட்சுமி வீட்டு வாசலுக்கு வந்தாள். பையை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பிக் கேட்டில் கம்பிக்கு ஒன்றாகக் கட்டினாள். வெயில் பட்டுத் தங்க எழுத்து தகதகத்தது. எதிரே நின்ற கூட்டம் நாலடி முன்னால் வந்தது.

சரியாக அந்த நேரத்துக்கு அன்றைய குப்பைப் பையோடு நாகலெட்சுமி வெளியே வந்தாள். “அடியே! என்னடி இது, வாசல்ல?”

“வாரம்னா சரிபங்குதானம்மா. செவலை வயித்துல இருந்து வந்ததுல கன்னு என் பங்குன்னு நீங்கதான் சொன்னீக. அத நான் புதைச்சிட்டேன். இது உங்க பங்கு. கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்.”

எதிர்த்த டீக்கடையில் கூத்தையா டீ ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டார். சத்தம் கேட்டுப் பொன்னுச்சாமி ஓடிவந்தார். “ஏ கருத்தம்மா, மாட்ட எதுக்கு இங்கன கொண்டாந்த? யாரு பாக்கிறது இத?”

“உங்க மாடுய்யா. அடுத்த முறையும் உங்களுதாமே. நீங்களே பாருங்க.”

செவலைக்கு வாழைப்பழத் தோல் வாசனை எட்டிவிட்டது. கழுத்தை நீட்டி நாகலெட்சுமி கையிலிருந்த பையை அப்படியே கவ்வி இழுத்தது. பொன்னுச்சாமிக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பெண்டாட்டியை அதட்டி அவர் வாழ்க்கையில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அவுத்துப் போடுடி! பைய விழுங்கித் தொலைச்சிறப் போகுது!”

நாகலெட்சுமி பையைப் பிடுங்கிக்கொண்டாள். நகத்தால் கீறினாள், முடிச்சு அசையவில்லை. துபாய்ப் பை அல்லவா, கிழிக்கவும் முடியவில்லை. மாடு விடாமல் முட்டியது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குனிந்து, தான் போட்ட முடிச்சைத் தன் பல்லாலேயே கடித்து இழுத்தாள். குப்பைத் தண்ணி மோவாயில் வழிந்தது.

பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை.

கருத்தம்மாள் சிரிக்கவில்லை. கடைசித் தோலும் தரையில் விழுந்து, செவலை அதில் வாய் வைத்து, மென்று முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். அதன் நெற்றியை ஒருதரம் தடவினாள். பிறகுதான் கயிற்றைக் கையிலிருந்து விட்டாள்.