எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது

ஜெபம் தொடங்கி நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. எண்பது தலைகள் குனிந்திருந்தன, எண்பது பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். வெர்லின் டாக்கெட் மட்டும் கண்கொத்திப் பாம்பு மாதிரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதுகுக்குச் சுவர், இடப்பக்கம் ஏழடியில் வாசல் கதவு, வலது இடுப்பில் சட்டை மறைத்த கைத்துப்பாக்கி. தோல் கன்றிப்போகும் அளவுக்கு அது உறுத்திக்கொண்டிருந்தது. ஏழு வாரமாக இதே கதை. ஐம்பத்தேழு வயதுவரை ஜெபத்தில் கண்ணை மூடியே பழகியவனுக்கு, மற்றவர்கள் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் சபை எப்படி இருக்கும் என்று தெரியாமலே இருந்தது. அப்படியே இருந்திருக்கலாம். பியானோ வாசிக்கும் அம்மாள் நகத்தைக் கடிக்கிறாள். சபைப் பொறுப்பிலிருக்கும் டீக்கன் கார்னெட், கடவுளோடு பேசுகிறார் என்று ஊரே நம்பும் நேரத்தில், வாயைத் திறந்து தூங்குகிறார். ஹார்டுவேர் கடைக்காரர் சத்தமில்லாமல் அழுகிறார். எதற்கு அழுகிறார்? அதை வெர்லின் பார்த்திருக்கவே கூடாது, ஆனால் பார்த்துத் தொலைத்தாகிவிட்டது. நாளைக்கு ஆணி வாங்கப் போனால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது?

எல்லாம் இந்தக் கார்னெட் கிளப்பிவிட்ட வேலை. எங்கேயோ ஒரு சபைக்குள் ஒருவன் புகுந்து சுட்டதை டிவியில் பார்த்துவிட்டு வந்து, நம் ஆட்களிலும் நான்கு பேர் லைசென்ஸ் எடுத்து முறைவைத்து வாசலைக் காக்க வேண்டும் என்று சொன்னார். "உன்னை மாதிரி நிதானமான ஆளுதான் வேணும் வெர்லின்" என்றதும் இவனுக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய போலீஸ்காரர் ஒருவர் இரண்டு சனிக்கிழமை வகுப்பு எடுத்தார். கதவைப் பார்த்து உட்காருங்கள், வலது கையில் எதையும் தூக்காதீர்கள், காவலில் இருக்கும்போது வாசலை விட்டு நகராதீர்கள். "மூஞ்சியைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. மூஞ்சி யாரையும் கொல்லாது" என்றார். கடைசியில் இன்னொன்றும் சொன்னார்: "இதை இடுப்புல கட்டின நாள்லேர்ந்து எந்தச் சண்டையிலயும் நீங்கதான் தோக்கணும். எவன் என்ன திட்டினாலும் சரின்னுட்டு வந்துரணும். புரியுதா?"

புரிந்தது. அதோடு வாழ்வதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லா பேண்ட்டும் இடுப்பில் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டியதாயிற்று. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து, "சபைக்கு வர்றவன் மாதிரியா இருக்கே?" என்று மனைவி ஓலெட்டா முகத்தைச் சுளித்தாள். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால் சட்டை தூக்கிக்கொள்கிறது என்று, தொண்டு கிழவன் மாதிரி முட்டியை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. கடைக்குப் பால் வாங்கப் போனால் பாலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான்: எத்தனை கதவு, யார் கை எந்தப் பையில், வெயில் நாளில் எவன் தடிக் கோட்டு போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தபிறகுதான் பால் ஞாபகம் வரும். காலைச் சாப்பாட்டுக் கடையில் கதவைப் பார்த்த நாற்காலி கிடைக்காவிட்டால் முட்டை தொண்டையில் இறங்கவில்லை. பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு பொடியன், "கெழட்டுக் கழுதை, வண்டியை எடுய்யா" என்று கத்தினான். வாழ்நாளில் முதல்முறையாக வெர்லின், "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அந்தக் கோபம் எங்கே போகும்? வீட்டுக்கு வந்து, பீன்ஸில் உப்பு இல்லை என்று ஓலெட்டா மேல் விழுந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் போகட்டும். பதினைந்து வருஷமாக அந்த வாசலில் நின்று, வருகிறவர்களின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி உள்ளே அனுப்பியவன் வெர்லின். இப்போது வலது கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று இடது கையை நீட்டினான். அதைப் பார்த்து, "கை சுளுக்கா?" என்று கேட்டவர்கள் ஒன்பது பேர்.

ஓலெட்டா எதற்கும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. மூன்றாம் வரிசைக்குத்தான் போட்டாள். இருபத்திரண்டு வருஷம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்த இடம் அது. இப்போது இவன் காவல் முறை வரும் ஞாயிறுகளில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் கைப்பை. அன்று காலை கிளம்பும்போதுகூட, "இன்னைக்கு ஒரு நாள் என் பக்கத்துல உக்காரேன்" என்றாள்.

"இன்னைக்கு என் முறை."

"நேத்து டார்சிகிட்ட போன்ல பேசினேன். குரல் நல்லா இருந்துச்சு வெர்லின். அவன் வந்தா நான் தனியா உக்காந்திருக்கக் கூடாது."

டார்சி அவளுடைய தம்பி. அம்மாவை அடக்கம் செய்த நாளில் குடித்துவிட்டு வந்து, கல்லறையில் வைத்தே பாஸ்டரைத் திட்டிவிட்டுப் போனவன், பதினோரு வருஷமாகச் சபைப் படி மிதிக்கவில்லை. பதினோரு வருஷமாக ஓலெட்டா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனைக் கூப்பிட்டாள், ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். அவன் எப்போதும் "பாக்கலாம்" என்பான். வெர்லினுக்கு இந்தப் பேச்சு பழகிப்போயிருந்தது. அதனால், "அவனாவது வர்றதாவது" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கி உறையின் கிளிப்பை பெல்ட்டில் மாட்டினான்.

பிரசங்கம் முடிந்து பாஸ்டர் லைல் மேடையிலிருந்து இறங்கினார். பியானோ மெல்ல ஆரம்பித்தது. "எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கோங்க. கண்ணை மூடிக்கோங்க. யாரும் திரும்பிப் பாக்க வேண்டாம். வரணும்னு நினைக்கிறவங்க முன்னாடி வாங்க. இது உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவுல" என்றார். சொல்லிவிட்டு மேடைப்படியில் சபைக்கு முதுகைக் காட்டி முழங்கால் போட்டு, அவரும் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கப்படுகிறவனும் யார் கண்ணிலும் படாமல் நடந்து வரட்டும் என்பதற்காக அந்தச் சபையில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் அது.

கதவு திறந்தது. வெளிச்சத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். அளவுக்குப் பெரிய கறுப்புக் கோட்டு. வலது கை கோட்டுக்குள் இருந்தது. யாரையும் பார்க்காமல் நடுப்பாதையில் வேகமாக நடக்க ஆரம்பித்தான். வெர்லின் அந்தக் கையைத்தான் பார்த்தான். எழுந்ததும் தெரியாது, மூன்று எட்டு வைத்ததும் தெரியாது. அவன் இடது உள்ளங்கை அந்த ஆளின் மார்பில் இருந்தது, வலது கை தன் சட்டையைத் தூக்கிவிட்டுத் துப்பாக்கியின் பிடியில் இருந்தது.

"கையை வெளிய எடு" என்று கிசுகிசுத்தான். "மெதுவா."

கை மெதுவாக வெளியே வந்தது. வெறுங்கை. காற்றில் தொங்கும் துணி மாதிரி நடுங்கியது. அப்போதுதான் வெர்லின் முகத்தைப் பார்த்தான். புதிதாகச் சவரம் செய்த, வெயில் படாத வெள்ளைத் தாடை, பிளேடு கீறிய இடத்தில் இரண்டு துளி ரத்தம். ஓலெட்டாவின் தாடை.

"நாந்தான் மச்சான்."

"டார்சி... தாடி இல்லாம அடையாளமே தெரியலடா. கையைத்தான் பாத்தேன்."

"குடிச்சு நாலு நாளாச்சு. கை நிக்க மாட்டேங்குது. அக்கா பாக்க வேணாம்னு உள்ள வெச்சிருந்தேன்." அவன் கண் வெர்லினின் இடுப்புக்கு இறங்கியது. சட்டை இன்னும் தூக்கியபடிதான் இருந்தது.

வெர்லின் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டான். "போ, முன்னாடி போ. யாரும் பாக்கல. எல்லாரும் கண்ணை மூடிட்டுதான் இருக்காங்க."

"நீ பாத்துட்டியே." டார்சி மூன்றாம் வரிசையைப் பார்த்தான். ஓலெட்டாவின் குனிந்த தலை, உதடு அசைவதால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "வாசல்ல நீதானே நின்னு கை குடுப்பே. வெளிய வண்டியில முக்கால் மணி நேரம் உக்காந்து அதைத்தான் நெனச்சிட்டிருந்தேன். மொதல்ல வெர்லின்தான் இருப்பான், அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்னு."

"டார்சி, நில்லுடா."

"பாக்கலாம்" என்றான் டார்சி. திரும்பி நடந்தான். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

வெர்லின் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். இரண்டு அடி வைத்தவன், வாசலை விட்டு நகரக் கூடாது என்ற விதி ஞாபகம் வந்து நின்றான். நான் போன பிறகு உண்மையிலேயே எவனாவது வந்துவிட்டால்? எண்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே! எழவெடுத்த விதி. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தூண் மாதிரி நின்றான். வெளியே டார்சியின் பழைய வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

"இன்னைக்கு யாரும் முன்னாடி வரல" என்றார் பாஸ்டர் எழுந்து. "தொடர்ந்து ஜெபிப்போம்." ஓலெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, பின்வரிசைகளில் முகம் முகமாகத் தேடினாள். ஒவ்வொரு வாரமும் தேடுவதுதான். தேடி முடித்து வெர்லினைப் பார்த்துச் சிரித்தாள். போகிற வழியில் கார்னெட், தூங்கி எழுந்த கண்ணோடு இவன் முதுகில் தட்டி, "இன்னைக்கும் ஒண்ணும் நடக்கல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. எல்லாச் சண்டையிலும் தோற்க வேண்டியவன், "ஆமா பிரதர்" என்றான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தும் வெர்லின் சாவியைத் திருகவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பார்த்த ஒரே ஆள் அவன்தான். டார்சி வாயைத் திறக்க மாட்டான்.

"அடுத்த வாரம் வருவான் பாரு" என்றாள் ஓலெட்டா. "எனக்குத் தோணுது."

"இன்னைக்கே வந்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள். வெர்லின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். கோட்டு, கை, சவரம் செய்த தாடை, நாலு நாள், முக்கால் மணி நேரம். எதையும் தனக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லவில்லை.

ஓலெட்டா கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்று கேட்டாள்.

"ஜெபம் பண்ணிட்டிருந்தே."

"எவ்வளவு கிட்ட வந்தான்?"

"உனக்குப் பின்னாடி நாலு வரிசை."

ஓலெட்டா அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் வீட்டுக்கு விடு" என்றாள்.

மலையடி ஓடைக்கு அக்கரையில் டார்சியின் தகர வீடு. அவன் வண்டி வாசலில் நின்றது. வெர்லின் இக்கரையிலேயே நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு, இடுப்பிலிருந்து உறையோடு துப்பாக்கியைக் கழற்றி, டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஓலெட்டா அந்தப் பூட்டையும் அவனையும் பார்த்தாள்.

"நீ இறங்காத."

"மன்னிப்பாவது கேக்கறேன் ஓலெட்டா."

"இறங்காதன்னு சொன்னேன்."

அவள் சபைக்குப் போட்ட செருப்போடு ஓடைப் பாலத்தைத் தாண்டிச் சேற்றில் நடந்து போனாள். இடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வெர்லினின் கண் ஓயவில்லை. ஜன்னல் இரண்டு, கதவு ஒன்று, பின்பக்கம் வழி இல்லை, திரை அசைகிறது என்று அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. துப்பாக்கியைக் கழற்றிவிட்டான், இதை எப்படிக் கழற்றுவது? ஆத்திரத்தில் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கை வலித்ததுதான் மிச்சம்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஓலெட்டா ஏதோ சொன்னாள். அப்புறம் முழுதாகத் திறந்தது. டார்சி கோட்டைக் கழற்றியிருந்தான். கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டையில், பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தான். ஓலெட்டா அவன் நடுங்கும் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்தாள். டார்சி அவள் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தான். வெர்லின் கையைத் தூக்கிக் காட்டினான். அவன் திருப்பிக் காட்டவில்லை. அக்காவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.

அந்தக் கதவுக்கு ஒரு தாழ் உண்டு. ஊரில் திருட்டு நடந்த வருஷம் வெர்லினே வாங்கி வந்து அடித்துக்கொடுத்தது. "என்கிட்ட என்ன இருக்கு, யாருக்குப் பயந்து போடறது?" என்று சிரித்த டார்சி அதை ஒரு நாளும் தொட்டதில்லை. துரு ஏறிய இரும்பு உராய்ந்து, ஒருமுறை சிக்கி, மறுபடி தள்ளி, உள்ளே விழுகிற சத்தம் ஓடையைத் தாண்டி வண்டிவரை கேட்டது.