ஆறாவது நாற்காலிக்கு வெளிச்சம்

எஸ்பென் சரி என்று சொல்லிவிட்டான். கொஞ்ச நாளாக அவன் எல்லாவற்றுக்கும் சரிதான் சொல்லிக்கொண்டிருந்தான். பல் டாக்டருக்கு, பள்ளிக்கூடத்தில் கூடுதல் வகுப்புக்கு, பக்கத்து வீட்டு பென்ட் தலையில் கட்டிய பதினோரு கிலோ பூசணிக்கு. அதனால் மாமியார் யூத்தெ போனில், "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டை உன் வீட்டுல வெச்சுக்கலாமா?" என்று கேட்டபோதும் சரி என்றான். போனை வைத்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பது மண்டையில் ஏறியது.

ஆறு பேர் சாப்பிட வேண்டும். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலிகள்தான் இருந்தன.

ஆறாவது கராஜில் இருந்தது, வெற்று மரமாக. ஹோப்ரோ ஊர்ப் பழம்பொருள் சந்தையில் ஆறையும் வாங்கியவள் அவன் மனைவி மலேனெ. ஒவ்வொன்றாகச் சாம்பல் கலந்த பச்சை அடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து முடிந்தது. ஆறாவதைத் தேய்த்து வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு அவள் இல்லாத பதினாறு மாதம்.

உட்கார நாற்காலி கிடைப்பது பெரிய விஷயம் இல்லை. பென்ட்டிடம் மடக்கு நாற்காலி இருக்கிறது. ஆனால் எஸ்பெனுக்கு அந்தக் காட்சி இப்போதே தெரிந்தது. யாராவது ஒருவர் பொருந்தாத நாற்காலியைப் பார்ப்பார். மலேனெ எங்கே நிறுத்தினாள் என்று புரியும். உடனே எல்லோரும் தட்டில் கிடக்கும் ஹெரிங் மீனை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். பதினாறு மாதமாக ஒவ்வொருவர் வீட்டிலும் அவன் அந்த மௌனத்தைத்தான் சாப்பிட்டுவிட்டு வருகிறான். தன் வீட்டிலும் அதையே பரிமாற அவனுக்கு விருப்பம் இல்லை. ஆறும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். எது அவள் அடிக்காதது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான். பதிமூன்று நாள் இருந்தது.

கராஜில் விளக்குக்குக் குறைவில்லை. வேலை மேசைக்கு மேலே செம்புக் கூடு போட்ட விளக்கு ஒன்று, சாப்பாட்டு மேசைக்குத் தொங்குவது போலவே, சரியாக அறுபது சென்டிமீட்டர் உயரத்தில். மலேனெ டேப் வைத்து அளந்து தொங்கவிட்டது. ஜன்னலோரம் ஒன்று, அலமாரியில் ஒன்று, மூலையில் நிற்கும் விளக்கு ஒன்று. நான்கும் மஞ்சள். உள்ளே போனால் காபி குடிக்கத் தோன்றும். திருகாணி கீழே விழுந்தால் மட்டும் அதைக் கண்டுபிடிக்க வசந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் முதலில் விளக்கு ஆடும், அடுத்து அது நெற்றியில் வந்து இடிக்கும்.

மலேனெ நிறத்தைத் தானே கலந்தவள். அளவு எங்கும் எழுதிவைக்கவில்லை. மூன்று டப்பா இருந்தது: வெள்ளை, பச்சை, கறுப்பு. எஸ்பென் மாதிரிக்கு ஒரு நாற்காலியைக் கராஜுக்குக் கொண்டுவந்து, செம்பு விளக்குக்குக் கீழே கலந்தான். அரைமணி நேரத்தில் அச்சு அசலாக அமைந்தது. அவனுக்கே ஆச்சரியம். அன்றைக்கே ஆறாவதற்கு அடித்து முடித்தான்.

புதன்கிழமை காலையில் அதை மேசையருகே கொண்டுபோய் வைத்தான். ஜன்னல் வெளிச்சம் பட்டது. மாதிரிக்கு எடுத்த நாற்காலி கடல் மாதிரி இருந்தது. இது பட்டாணி சூப்.

மலேனெயின் தங்கை சிசெலுக்குப் போன் செய்தான். அவள் லைசன்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன்.

"பட்டாணியா? விளக்கு பண்ற வேலை அது. பெயிண்டைத் திட்டாதே," என்றாள். "கராஜ் விளக்கையெல்லாம் மாத்தணும். அடுத்த வெள்ளிதான் எனக்கு நேரம். அதுவரைக்கும் பிரஷ்ஷைத் தொடாதே."

"மறுநாள் எல்லாரும் சாப்பிட வராங்க."

"தெரியும். நானும்தான் வரேன்."

எஸ்பென் பூகோள வாத்தியார். காத்திருந்த நாட்களில் கட்டம் போட்ட தாளில் கராஜை வரைந்தான். மூன்று புது விளக்குகளுக்கு இடம் குறித்தான். வெள்ளிக்கிழமை மதியம் சிசெல் ஏணியும் டியூப் பெட்டிகளுமாக வந்து இறங்கினாள். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ன அம்புக்குறி?"

"வடக்கு."

"கராஜுக்குள்ள எவன் வழி தவறப் போறான்?"

"படம்னா வடக்கு இருக்கணும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இது பட்டறையா, புதுசாக் கல்யாணம் ஆனவங்க சாப்பிட வர்ற இடமா? எங்க, அந்த ஆறு மில்லி ட்ரில் பிட்டை எடு பாப்போம்."

எடுத்தான்.

"அது அஞ்சு."

"ஆறு."

போன் வெளிச்சத்தில் காட்டினாள். ஐந்துதான்.

"இப்ப மேசை முன்னாடி நில்லு." அவன் முதல் விளக்குக்குக் குறித்திருந்த இடம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஏணியில் ஏறி அந்த இடத்திலிருந்து டார்ச்சைக் காட்டினாள். "உன் கை எங்க?"

"தெரியல. நிழலா இருக்கு."

"உன் முதுகு தின்னுடுச்சு. வெளிச்சம் உனக்கும் சுவருக்கும் நடுவுல விழணும். மேசை நீளத்துக்கு ஒரே வரிசை. ரெண்டாவது எங்க குறிச்சிருக்கே? கதவுக்கு மேலயா? சரி, கதவைத் திற."

திறந்தான். கதவு மேலே சரிந்து, கூரையோடு ஒட்டிப் படுத்து, அவன் குறித்த இடத்தை முழுசாக மூடிக்கொண்டது.

"வடக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கே," என்றாள் சிசெல்.

இடங்கள் மாறின. மேசைக்கு மேலே ஒரு வரிசை, பக்கவாட்டில் இரண்டு, கதவு வந்து மறைக்காத தூரத்தில். எல்லாம் கூரையோடு ஒட்டி, பலகைக்கு எட்டாமல். டியூப் நாலாயிரம் கெல்வின், மஞ்சளும் நீலமும் அடிக்காத வெள்ளை. "இதுக்குக் கீழ போனா பார், மேல போனா பன்னி வெட்டற இடம்," என்றாள். பெட்டியில் வேறொரு எண்ணையும் காட்டினாள். தொண்ணூற்றேழு. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு மார்க். "கடையில எண்பதுதான் தருவான். எண்பதுல எல்லாம் தெரியும், ஆனா எல்லாம் நேத்து செத்த மாதிரி தெரியும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எஸ்பென் திருகாணிகளை எண்ணினான்.

செம்பு விளக்குதான் கடைசியாக மிஞ்சியது.

"நான் கழட்டவா, நீ கழட்றியா?"

"நீயே கழட்டு."

"அவ இதைத் தொங்கவிட்டப்பவே சொன்னேன், இது வேலைக்கு ஆகாதுடின்னு. பட்டறையில இருக்கறவனும் மனுஷன்தானேன்னா. பெரிய சண்டை." கம்பியை அவிழ்த்து, விளக்கை அவன் கையில் கொடுத்தாள். "நான்தான் ஜெயிச்சேன். ரொம்ப லேட்டா."

நான்கு மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. சிசெல் சுவிட்சைப் போட்டாள். கராஜ் சட்டென்று பெரிதானது. மூலையில் எட்டு மில்லி ஸ்பேனர் கிடந்தது. அது தொலைந்துவிட்டதென்று எஸ்பென் இரண்டு முறை புதிதாக வாங்கியிருந்தான்.

"நாற்காலியைக் கொண்டா. கலப்போம்."

அவன் ஒன்றைக் கொண்டுவந்தான். கடல் நிறம். இரண்டாவதையும் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு அப்படியே நின்றான். சிசெலும் பார்த்தாள். இரண்டு பேரும் போய் மீதி மூன்றையும் தூக்கிவந்து வரிசையாக நிறுத்தினார்கள்.

ஐந்தும் ஐந்து நிறம். முதல் நாற்காலியில் நீலம் அதிகம். இரண்டாவது சாம்பல். மூன்றாவது பாசி. நான்காவது மூன்றாவதைவிட வெளுப்பு, ஒரு காலில் பெயிண்ட் வழிந்து சொட்டாகக் காய்ந்திருந்தது. ஐந்தாவதில் பிரஷ்ஷின் மயிர் மூன்று ஒட்டியிருந்தது, முதுகுப்பலகையின் பின்பக்கம் பாதி விட்டுப்போயிருந்தது.

இத்தனை நாள் அவற்றில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். தாழ்ந்து தொங்கும் மஞ்சள் விளக்குக்குக் கீழே ஐந்தும் ஒன்றாகத்தான் இருந்தன. பகலில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பகலில் அவற்றின் மேல் மடிக்காத துணிதான் கிடக்கும்.

"ஒவ்வொன்னுக்கும் புதுசாக் கலந்திருக்கா," என்றாள் சிசெல். "தோராயமா. கண்ணை மூடிக்கிட்டு."

"ஒவ்வொன்னு முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. 'பாரு, அப்படியே இருக்கு பாரு'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"அப்படியே இருக்குன்னேன்."

சிசெல் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எஸ்பெனிடமிருந்தும் ஒரு சத்தம் வந்தது, கார் முதல் தடவை கிளம்பாமல் இருமுவது போல. அதுவும் சிரிப்புதான் என்று கொஞ்சம் கழித்துத் தெரிந்தது.

பட்டாணியை அப்படியே விட முடியாது. ஐந்தில் எதோடும் ஒட்டவில்லை. எஸ்பென் பாசிக்கும் வெளுப்புக்கும் நடுவில் ஒரு நிறம் கலந்தான். வெளிச்சம் நேராக மேசையில் விழுந்தது. நிழல் பின்னால் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் அடித்து முடித்தான். இப்போது அது அந்தக் குடும்பத்தில் ஆறாவது பிள்ளை மாதிரி இருந்தது.

"ஹீட்டரைப் போட்டு விடு. காலையில காஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு சிசெல் ஏணியோடு கிளம்பினாள்.

காலையில் விரல் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அதில் தானே உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

ஒரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள்: யூத்தெ, மாமனார் ஹோல்கர், சிசெல், அவள் கணவன் ரூனெ, பென்ட். எஸ்பென் சமையலறையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்துவருவதற்குள் ஹோல்கர் ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹெரிங் அங்கேதான் பக்கம்.

ஐந்தையே பார்த்துப் பழகிய யூத்தெ ஆறு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். விரல் நீண்டது, சொட்டு வழிந்த நாலாவதை நோக்கி.

"இதுதானே நீ அடிச்சது? வழிஞ்சிருக்கு பாரு."

சிசெல் கைத்துடைப்பானுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆமாம். நான் அடிச்சதுதான்," என்றான் எஸ்பென்.

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். மீன் முடிந்தது. ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றினார்கள். ஹோல்கர், வருடா வருடம் சொல்லும் நாலு வரியைச் சொல்ல, கோப்பையோடு எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. பாதி வழியில் மனம் மாறி, துணி கிழிவது போன்ற நீளமான சத்தத்தோடு கீழே விழுந்தது. ஹோல்கரின் கறுப்புப் பேன்ட்டின் பின்புறத்தில் பாசிக்கும் வெளுப்புக்கும் நடுவில் ஒரு நிறம்.

யூத்தெ எழுந்து வந்து நாற்காலியை நிமிர்த்தினார். அடியில் பார்த்தார்.

"அவ விட்டுட்டுப் போனது இதுதானா?"

எஸ்பென் தட்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "ஆமாம்."

"எப்ப அடிச்சே?"

"நேத்து."

"எண்ணெய் பெயிண்டை நேத்து அடிச்சு இன்னைக்கு உக்கார வெச்சியா? நீயும் அவளை மாதிரிதான். பதினாலு வயசுல சைக்கிளுக்குப் பச்சை அடிச்சா. காயறதுக்கு முன்னாடி ஊரைச் சுத்திட்டு, நேரா வந்து என் வெள்ளை சோஃபாவுல உக்காந்தா."

"அம்மா, அது நாய் பண்ணுச்சுன்னு இல்ல சொன்னே?" என்றாள் சிசெல்.

"நாய் பண்ணுச்சுன்னு சொன்னது அவ. நான் நம்பி நாயை ஒரு வாரம் வீட்டுக்குள்ளயே விடலை."

"பச்சை நாயா அது?" என்றார் பென்ட்.

"என் பேச்சை யாராவது கேக்கறீங்களா?" என்றார் ஹோல்கர், பின்புறத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு. ஒருவரும் கேட்கவில்லை. சிசெல் இதற்குள் வேறொரு கதைக்குப் போயிருந்தாள், மலேனெ கடைசிவரை ஒத்துக்கொள்ளாத கதை. யூத்தெ நடுநடுவே திருத்திக்கொண்டிருந்தார்.

எஸ்பென் மாமனாருக்குத் தன் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஈர நாற்காலியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, பென்ட் வீட்டு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து மேசையருகே விரித்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.