துணி போட்டு நட்ட கொடிகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையைச் சுத்தம் செய்ய எங்கள் கூட்டம் போகும். சம்பளம் கிடையாது; டீ உண்டு. இதை ஆரம்பித்தவர் என் அண்ணன். இப்போது நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வாய்க்குள் துழாவுகிற அதே கவனத்தோடு மணலையும் துழாவுவார். பாட்டில் மூடி ஒன்று விட்டுப்போனால்கூட ஆளைக் கூப்பிட்டுத் திரும்பப் பொறுக்கச் சொல்வார்.

பொறுக்குவதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பாட்டில், பை, கயிறு எல்லாம் சாக்குக்குப் போகும். உடுத்துகிறதும் போட்டுக்கொள்கிறதும் மட்டும் சாக்குக்குப் போகாது. செருப்பு, சட்டை, கண்ணாடி எது கிடைத்தாலும் ஒரு தார்ப்பாயில் விரித்து வைப்போம். யாராவது தேடிக்கொண்டு வரலாம் என்று அண்ணன் வைத்த ஏற்பாடு அது.

பாறைகளில் சிக்கிக் கிடந்த ஒரு பழைய வலையை அறுத்து எடுக்கப் போனவர் அண்ணன். கையில் கத்தி இருந்தது, நன்றாக நீந்தவும் தெரியும். ஒரு பெரிய அலை வந்து போனது. அதற்குப் பிறகு வலை இருந்தது, அண்ணன் இல்லை. உடல் கிடைக்கவே இல்லை.

அடுத்த வாரமே அண்ணி எங்களோடு வர ஆரம்பித்தார். குப்பை பொறுக்குவார், யாரோடும் அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்ததும் தார்ப்பாய் அருகே போய் உட்கார்ந்து ஒவ்வொரு துணியையும் புரட்டிப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை அதில் யாரும் கை வைப்பதில்லை.

வீட்டில் அவர் அழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து மார்பில் அடித்துக்கொண்டபோதும் வாசலைப் பார்த்தபடி நின்றார். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "அவரோட துணி ஒண்ணாவது கரைக்கு வரட்டும்பா. அப்புறம் அழறேன். எதையும் கண்ணால பாக்காம எப்படி அழறது?"

மழைக்காலத்துக்கு முன்னால் மணல்மேடு கட்டும் வேலையும் தொடங்கியது. கடல் ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அடும்புக்கொடி வைத்தால் அது படர்ந்து மணலைப் பிடித்து நிறுத்தும். ஆனால் வெறும் மணலில் தண்ணீர் நிற்காதே! குழிக்கு அடியில் பருத்தித் துணியைப் போட்டு நட்டால் ஈரம் தங்கும் என்று யோசனை சொன்னவர் டெய்லரக்கா. அண்ணன் போன பிறகு எங்களோடு சேர்ந்தவர், அண்ணனைப் பார்த்ததே இல்லை. ஒரு துணியை இரண்டு விரலால் கசக்கியே பருத்தியா நைலானா என்று சொல்லிவிடுவார். தார்ப்பாயில் தங்கிப்போன பருத்தித் துணிகளின் பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுக் குழியில் போடுவோம். அப்படி மூன்று வரிசை நட்டோம். மழையில் கொடிகள் நன்றாக வேர் பிடித்தன.

மழை ஓய்ந்ததும் நாலாவது வரிசைக்காகக் கூடினோம். புதிதாக வந்தவர்களுக்கு டாக்டர் விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான் ஒண்ணுகூட மண்ணுக்குள்ள போகக் கூடாது. பிளாஸ்டிக் பொறுக்க வந்த நாமளே பிளாஸ்டிக்கைப் புதைச்சா ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவே சிரிச்சிட்டுத்தான் இருக்கு டாக்டர்," என்றார் டெய்லரக்கா. "ஒரே ஒரு சட்டையில நான் பொத்தானை விட்டுட்டேன். கத்திரி எறங்கவே இல்ல. எந்தப் புண்ணியவதியோ தூண்டில் நரம்பால தச்சு வெச்சிருக்கா! புருஷன் ஓடினாலும் ஓடட்டும், பொத்தான் ஓடக் கூடாதுன்னு நெனச்சிருப்பா போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கை என் சட்டைப் பொத்தானுக்குப் போனது. எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் பொத்தான் தைத்துக் கொடுப்பவர் அண்ணி. நூல் சீக்கிரம் இற்றுப்போகிறது என்று தூண்டில் நரம்பால்தான் தைப்பார்.

அண்ணி சாக்கைக் கீழே வைத்தார்.

"அது எந்த வாரம்க்கா?"

"நீங்க காய்ச்சல்ல படுத்துட்டீங்களே, அந்த வாரம். கட்டம் போட்ட சட்டை. யாரும் எதுவும் சொல்லல, எடுத்துப் போட்டுட்டேன்."

எங்கள் யாருக்கும் அன்று தார்ப்பாய் விதி ஞாபகம் வரவில்லை. அண்ணி இல்லாத வாரத்தில் அண்ணியின் பார்வைக்காகக் காத்திருக்க எங்களுக்குத் தோன்றவில்லை. நானும் பாறைப் பக்கம் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தார்ப்பாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டருக்கோ பொத்தான்தான் பெரிதாகப் பட்டது. "எந்தச் செடி? எடுத்தே ஆகணும்."

"மூணாவது வரிசை. எந்தச் செடின்னு கேட்டா என் தலையத்தான் தோண்டணும்."

ஆளுக்கொரு செடியாக உட்கார்ந்தோம். வேர் அறாமல் பக்கவாட்டில் மணலை விலக்கி, கீழே கிடக்கும் துணியைப் பார்த்துவிட்டு மூட வேண்டும். முதலில் பேச்சும் கேலியுமாகத்தான் போனது. பிறகு ஒரு பாதித் துண்டு வந்தது. வாத்துப் பூவேலை செய்த ஒரு குழந்தைச் சட்டை வந்தது. ஒரு சட்டையின் கை மட்டும் வந்தது, அதன் மணிக்கட்டில் மடிப்பு கலையாமல் இருந்தது. புதைத்தபோது இவையெல்லாம் வெறும் பருத்தி. இத்தனை நாள் மண்ணுக்குள் கிடந்துவிட்டு வெளியே வந்தபோது ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையதாக ஆகியிருந்தது. பேச்சு நின்றுபோயிற்று.

சாக்குகளை ஏற்றிப்போக வந்து எங்களோடு உட்கார்ந்திருந்த குப்பை லாரி டிரைவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னங்க இது, தோண்டத் தோண்ட ஆளுங்களா வர்றாங்க. நான் மாட்டேன் சாமி." லாரிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் அண்ணி இருந்தார், அவருக்கு அடுத்து நான். அவர் கை நின்றதைப் பார்த்தேன். சட்டை ஈரக் காகிதம்போல் நைந்திருந்தது. வேர்கள் கழுத்துப் பட்டி வழியாக இறங்கி, இரண்டு கைகளிலும் நுழைந்து நீண்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டையை யாரோ மாட்டிக்கொண்டு படுத்திருப்பதுபோலத் தெரியும். பொத்தான்கள் மட்டும் அப்படியே இருந்தன. நரம்பு முடிச்சுகள் வெயிலில் மின்னின. கட்டத்தையும் அண்ணி போட்ட முடிச்சையும் எனக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

டெய்லரக்கா எட்டிப் பார்த்து, "இதேதான்!" என்றார். டாக்டர் கத்திரியோடு ஓடி வந்தார்.

"குடுங்க, நானே வெட்டறேன்," என்றார் அண்ணி.

எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து டாக்டர் நீட்டிய பையில் போட்டார். அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. பையைப் பிடித்த கை தாழ்ந்தது.

"ஏம்மா... இது அவரோடது இல்லையே?"

"இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி கொண்டு வா," என்றார். கொண்டுவந்தேன். மணலை மூடி, தட்டி, தண்ணீர் ஊற்றினார். அழவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவாங்க? செடியைப் பிடுங்கிட்டு அவரை ஒரு பையில போட்டுக் குடுப்பாங்க. வீட்டுல கொண்டு போய் எங்க வெக்கறது, பீரோவுலயா?"

பிறகுதான் அந்தக் கொடியின் சங்கதி தொடங்கியது. அடும்பு எப்போதும் கடலைப் பார்த்துத்தான் படரும். மற்ற கொடிகள் எல்லாம் அலையை நோக்கி இறங்கின. கடைசிச் செடி மட்டும் மேட்டைத் தாண்டி, ரோட்டுப் பக்கமாக, எங்கள் தெருவை நோக்கித் தலை நீட்டியது. டாக்டர் அதைத் திருப்பிக் கடல் பக்கமாக வைத்து, கவட்டைக் குச்சி குத்தி நிறுத்தினார். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் குச்சி சாய்ந்து கிடந்தது. கொடி மறுபடி ரோட்டைப் பார்த்திருந்தது, முன்பைவிட நீளமாக.

"காத்து மாறியிருக்கும்," என்றார் டெய்லரக்கா. சொன்னாரே தவிர அந்தப் பக்கம் போகவில்லை. இரவில் எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இலை உரசினாலும் எழுந்து உட்கார்ந்தேன். அண்ணியின் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தது. கடைசியில் ரோட்டின் ஓரக்கல்லைத் தொட்டது. "இனிமே வண்டி ஏறி நசுங்கிடும். வெட்டிடலாம்," என்று டாக்டர் கத்திரியை எடுத்தார்.

"இருங்க," என்றார் அண்ணி.

ரோட்டோரம் குனிந்து கொடியின் நுனியைக் கையில் எடுத்தார். இலை ஒடியாமல் முழு நீளத்தையும் தூக்கிக்கொண்டு, மேட்டைச் சுற்றிக் கடல் பக்கமாக நடந்தார். ஈரமணல் தொடங்கும் இடத்தில் மண்டியிட்டு, நுனியை அலைக்கு நேராக வைத்து, மணலை அணைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போங்க," என்றார். "வீட்டுல நானும் உங்க தம்பியும் இருக்கோம், பாத்துக்கறோம். உங்க வேலை இங்கதான். போங்க."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு அலைச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது.

'போங்க' என்றது தன்னைத்தான் என்று நினைத்த டாக்டர், கத்திரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் விலகிப் போனார்.