நாத்தனார் விட்டுவிட்ட வினை

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்தபோது என் எண்ணம் நல்லதாக இல்லை. என் நாத்தனாரை ஒரு மக்காகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: ‘அவளுக்கு வேதியியலும் வராது, மனுஷர்களோடு பழகவும்...’ அடித்துவிட்டேன். இரண்டும் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

2

ஒரே அலுவலகம், ஒரே அறை, எதிரெதிர் மேசை. நிலத்தடியில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது எங்கள் வேலை. பாறையையும் மணலையும் ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீரில் எது கரைகிறது, எது படிகிறது, அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று கணினி சொல்லும்.

[அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான். பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான்.]

மழைநீரை ஆழ்துளை வழியே பூமிக்குள் செலுத்திச் சேமிக்கும் திட்டம் ஒன்று வந்தது. எட்டு வருடமாக நாற்காலி தேய்க்கும் என்னை விட்டுவிட்டு, அதிகாரி அதை அவளிடம் கொடுத்தார்.

“என் தங்கச்சி பெரிய ஆளாயிட்டா, பாத்தியா?” என்றார் வீட்டில் என் கணவர்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தட்டு... (வேண்டாம். தட்டு உடையவில்லை. கதைகளில்தான் உடையும்.)

3

அவளுடைய திட்டக் கோப்பை அவளுக்குத் தெரியாமல் கணினியில் திறந்து பார்த்தேன். ஒரு வேதிவினை விடுபட்டிருந்தது. மழைநீரிலுள்ள ஆக்சிஜன், ஆழத்துப் பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தைக் கரைக்கும். அதற்குள் அடைந்துகிடக்கும் ஆர்செனிக் என்ற நஞ்சு வெளியே வரும். அந்த வினையைச் சேர்த்துக் கணக்கைக் கணினியில் ஓட்டினேன். ஆறாவது வருடம் ஆர்செனிக் குடிநீர்க் கிணற்றை எட்டியது. அந்தக் கிணற்றை நம்பி இருநூறு வீடுகள்.

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம்.

பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. திட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கக் காத்திருந்தேன்.

4

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஒரு தடவ பாத்துடுங்களேன். எதையோ விட்டுட்டேன்னு மனசு அடிச்சுக்குது.”

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“நீங்க பாத்துச் சொன்னாத்தான் நிம்மதி. ஜனங்க குடிக்கிற தண்ணி.”

(இங்கே என் மனம் இளகியது என்று எழுதினால் அழகாக இருக்கும். இளகவில்லை. அவளே கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பதைப்பில்தான் சொன்னேன்.)

“இரும்ப மறந்துட்டே.”

அவள் முகம் வெளுத்தது. அன்றே சேர்த்து ஓட்டினாள்.

5

ஆக்சிஜனை நீக்கிய பிறகே தண்ணீரை உள்ளே விடுவது என்று கூட்டத்தில் முடிவானது. அவள் எழுந்தாள்.

“இதக் கண்டுபிடிச்சது எங்க அண்ணி. இல்லேன்னா பெரிய தப்பு பண்ணியிருப்பேன்.”

கைதட்டினார்கள். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதுவரை அவள் மூளைமீது மட்டும் இருந்த பொறாமை, அன்றிலிருந்து அவள் மனசின்மீதும் வந்துவிட்டது.

6

இதுவரை எழுதியதை அச்செடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். எதிர் மேசையில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அவள் திட்டுகிறாள், இன்னொன்றில் மன்னிக்கிறாள். என்னிடம் விட்டால் திட்டுவதைத்தான் எழுதுவேன். மன்னித்துவிட்டால் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டும், என்னால் ஆகாது.

காகிதங்களைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணி” என்கிறாள்.

மேற்கொண்டு நீங்கள் எழுதுங்கள்.