காலி பண்ணிக் காட்டு

என் மனைவி ரெமி தன் போட்டித் துப்பாக்கிக்குக் கொடுத்த செல்லத்தில் கால்வாசி எனக்குக் கொடுத்திருந்தால் நான் இந்நேரம் தொந்தி போட்டிருப்பேன். துப்பாக்கி செய்யும் ஊரான தனாவோவில், இசோ அண்ணனின் பட்டறையில் அதைப் பிரித்துப் போட்டால், பிரசவ அறை வாசலில் நிற்கும் மாமியார் மாதிரி அங்கேயே நிற்பாள். விசையைத் தொட்டாலே வெடிக்கிற அளவுக்கு இலகுவாக்கச் சொன்னாள். வியர்வையில் வழுக்காதபடி பிடியைச் சொரசொரப்பாக்கினாள். கடைசியாக, குண்டுகள் அடுக்கிய மேகசின் நுழையும் அடிவாயில் புனல் மாதிரி அகன்ற ஒரு பித்தளைச் சட்டம் பொருத்திக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது? மேகசின் மாட்டவா, மண்ணெண்ணெய் ஊத்தவா?" என்றேன்.

"ஓடிக்கிட்டே, பாக்காம மாட்டணும் லித்தோ. உனக்கு உக்காந்து தீவனம் அளக்கத்தான் தெரியும். பேசாம அதைப் பாரு."

செபு தீவில், தலிசாயில் எங்களுக்குப் பன்றித் தீவனம், சண்டைச்சேவல் தீவனம் விற்கும் கடை. தினமும் காலையில் கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் ஆள் உயர அட்டைகளை நிறுத்தி, காலித் துப்பாக்கியோடு பயிற்சி எடுப்பாள். நடுவர் வேலை எனக்கு. நான் கையிலிருக்கும் கருவியை அழுத்துவேன், அது 'பீப்' என்று கத்தும், அவள் பாய்வாள். ஓர் அட்டைக்கு இரண்டு சூடு, உடனே அடுத்த அட்டை. சுட்ட அட்டையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முடிந்ததும் நான் கத்த வேண்டும்: "முடிஞ்சுதா? காலி பண்ணிக் காட்டு!"

மேகசினை உருவி இடுப்பில் செருகுவாள். மேல்பாகத்தை இழுத்துத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று எனக்குக் காட்டுவாள். பிறகு முனையை அட்டைகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்கு நீட்டி விசையை அழுத்துவாள். கிளிக். உறைக்குள் போடுவாள். இதில் பிசகினால் போட்டியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் கோயிலுக்குள் நுழைந்ததும் கை தானாகச் சிலுவை போடுகிற மாதிரி அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த ஞாயிறு போட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ரெமி முற்றத்தில் பெல்ட்டைக் கட்டி, மேகசின்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர், தலையில் ஹெல்மெட், கழற்றவில்லை. அப்படி வருகிறவர்கள் சுடத்தான் வருகிறார்கள் என்று செபுவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முன்னால் வந்தவன் சேவல் தீவனம் கேட்டான், வியாபாரப் புத்தி, குனிந்துவிட்டேன்.

துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். பற்கள் நாக்கின்மேல் விழுந்தன.

"சாவி எங்கடா நாயே?"

"தர்றேன் சாமி, தர்றேன்."

"கையைப் பாரு, நடுங்குது கிழவனுக்கு," என்று பின்னால் நின்றவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் இடது முழங்காலில் சுட்டான். ஒரு காரணமும் கிடையாது. நான் விழுந்தேன். முதல் ஆள் முடியைப் பிடித்துத் தூக்கி, துப்பாக்கி முனையை என் வாய்க்குள் திணித்தான்.

திரைச்சீலை விலகியது. இரண்டு வெடி. உடனே இன்னும் இரண்டு. என்னைப் பிடித்திருந்தவனின் கழுத்து கிழிந்து, சூடான ரத்தம் என் கண்ணில் அடித்தது. மற்றவன் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் சரிந்தான். செத்துக்கொண்டிருக்கிற நேரத்திலும், அடடா என் பெண்டாட்டி என்று பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. ரெமி மேகசினை உருவி இடுப்பில் செருகினாள். மேல்பாகத்தை இழுத்தாள். உள்ளே இருந்த நல்ல குண்டு சிமெண்டுத் தரையில் குதித்து என் பக்கம் உருண்டது. திறந்த துப்பாக்கியை எனக்கு, நடுவருக்கு, காட்டினாள். முனையைத் தாழ்த்தினாள். கிளிக். உறைக்குள் போட்டாள். அவள் கண் கடையில் இல்லை, போட்டி மைதானத்தில் இருந்தது.

அட்டை எழுந்திருக்காது. மனிதன் எழுந்திருப்பான். மூட்டைக்குப் பின்னால் சரிந்தவன்மேல் பாய்ந்த ஒன்று தோள் சதையைத்தான் பிய்த்திருந்தது, இன்னொன்று தவிட்டுக்குள் போயிருந்தது. மூட்டைக்கு மேல் அவன் கை துப்பாக்கியோடு வந்தது. நான் கத்தினேன். உடைந்த வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.

அவன் சுட்டான். ரெமியின் இடது கைச் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. வலது கையால் துப்பாக்கியை உருவி, இடது கையில் மிச்சமிருந்த விரல்களாலேயே இடுப்பிலிருந்த மேகசினை எடுத்தாள். கை வெடவெடவென்று ஆடியது. அந்த ஆட்டத்துக்குச் சாதாரண ஓட்டையில் நுழைந்திருக்காது. நான் கேலி செய்த அந்தப் புனல்வாய் அதை விழுங்கிக்கொண்டது. மேல்பாகத்தை இழுத்துவிட்டாள்.

இந்த முறை இரண்டோடு அவள் நிறுத்தவில்லை. முகத்தில் சுட்டாள், முகம் போன பிறகும் சுட்டாள். குண்டு தீர்ந்த பிறகும் விசையை அழுத்திக்கொண்டே நின்றாள்.

தற்காப்பு என்று வழக்கு முடிந்தது. மறு வருடம் அதே போட்டி மைதானத்துக்குப் போனோம். நான் கைத்தடியோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். எட்டு விரலோடு அன்று அவள் ஓடிய வேகத்தில் யாரும் ஓடவில்லை. கைதட்டினார்கள்.

"முடிஞ்சுதுன்னா காலி பண்ணிக் காட்டுங்க," என்றார் நடுவர்.

ரெமி அசையவில்லை. முனை கடைசி அட்டையையே பார்த்திருந்தது. நடுவர் மறுபடி சொன்னார். கைதட்டல் நின்றது. நான் கயிற்றைத் தாண்டி அவள் பக்கத்தில் போனேன்.

"ரெமி, அது அட்டைடி."

"தெரியும்."

"அப்புறம் ஏன் நிக்கிற?"

"நீ போய்த் தொட்டுப் பாத்துட்டு வா. நான் குறி வச்சிருக்கேன்."

குண்டு நிரம்பிய துப்பாக்கிக்கு முன்னால் நடப்பதைவிடப் பெரிய குற்றம் அந்த மைதானத்தில் கிடையாது. "யோவ், நில்லுய்யா!" என்று நடுவர் அலறினார். அந்த விசை எவ்வளவு இலகு என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. நொண்டிக்கொண்டே போய், அட்டையின் நெஞ்சில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் விரலை விட்டுப் பார்த்தேன்.

"செத்துட்டான்," என்று கத்தினேன். "நான் உயிரோட இருக்கேன். காலி பண்ணு."

அட்டையிலிருந்து விரலை எடுக்காமலே நின்றேன். பிறகு எனக்குப் பின்னால் குண்டு ஒன்று மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது. கிளிக்.