ஆகுர்டியில் நனைந்த கோதடி

ஃப்ளோரா தைத்த கோதடிகள், அதாவது ஒட்டுத்துணிப் போர்வைகள், முதன்முதலாக நனைந்தது புனேயில், ஒரு கண்காட்சிக் கூடத்தின் இரண்டாவது மாடியில், வெயில் கொளுத்திய ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணிக்கு. ஒன்பதையும் கூடத்துக்காரர் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து மாட்டியிருந்ததால், தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மீன் தொட்டி போல நிரம்பிவிட்டது. அதே நேரத்தில் ரஞ்சன்காவைத் தாண்டிய நிம்பேவாடியில், அவளுடைய தகரக் கொட்டகை மீது கோடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பெண்களின் பழைய புடவைகளைக் கத்தரித்து, வயலும் கிணறும் மேகமுமாக ஒட்டுப்போட்டுத் தைத்த துணிகள் அவை. ஊர் மழையில் இருபது வருடம் நனைந்து காய்ந்த புடவைகளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை, அவ்வளவுதான். கூடத்துக்காரர் இதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்.

ஃப்ளோரா ஒன்பதையும் கொட்டகைச் சுவரோரம் அடுக்கிவைத்தாள். புனேயின் கட்கியில் பார்த்த டீச்சர் வேலைக்கு ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புப் போட்டுவிட்டு வந்தவள். தையலில் பிழைக்க முடியாவிட்டால் ஜூன் பதினைந்தாம் தேதி பள்ளி திறக்கும்போது வகுப்பில் இருப்பேன் என்று கணவன் ஜோனாஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். "போதும் ஃப்ளோரா, வீட்டுக்கு வந்துரு. துணியத் தைச்சு சுவத்துல மாட்டி யாரு பொழைச்சா?" என்று அவன் போனில் கேட்டான். போனை வைத்துவிட்டு அவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பத்தாவது கோதடியை எடுத்து ஊசியில் நூல் கோத்தாள். திரும்பி வந்ததில் ஒன்றை, சும்மா கிடப்பானேன் என்று கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு வைஷாலி ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் தம்பிக்குப் போர்வையாகக் கொடுத்தனுப்பினாள்.

ஜூன் முதல் வாரம், நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி, முதுகெல்லாம் ஈரமாகி எழுந்தான். அறை முழுக்க மண் வாசனை. அக்காவுக்குப் போன் போட்டு, மழையா என்றுகூடக் கேட்காமல், "விதைய எடுத்து வை, வர்றேன்" என்று மட்டும் சொன்னான். அறையிலிருந்த மற்ற நான்கு பேரும் கோதடியை மாறி மாறி முகர்ந்தார்கள். அவர்கள் ஊர்களிலும் நிலம் மழைக்குக் காத்துக் கிடந்தது. போனில் மழைச் சேதி வரும், வாசனை வராது. ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து அம்மாக்களின் பழைய புடவைகளை வரவழைத்துக்கொண்டு, தங்களுக்கும் தைத்துத் தரக் கேட்டு நிம்பேவாடியில் வந்து இறங்கினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பிம்ப்ரி, ரஞ்சன்காவ் தொழிற்சாலைப் பையன்களிடமிருந்து நாற்பது புடவை மூட்டைகள் வந்து சேர்ந்தன.

பள்ளி திறந்தது. ஃப்ளோரா போகவில்லை. ராஜினாமாக் கடிதத்தை ஜோனாஸே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தான். கட்கி வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் கோதடி சொட்டத் தொடங்கினால், "கொடியில கெடக்கிற துணிய எடுத்தியாம்மா?" என்று ஃப்ளோராவுக்குப் போன் செய்கிறான். வைஷாலியோடு பதினொரு பெண்கள் இன்று கொட்டகையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். கண்காட்சிக் கூடத்துக்காரரும் திரும்ப வந்தார்; அடுத்த தீபாவளி வரை கை ஒழியாது, அதன் பிறகும் கண்ணாடி கூடாது என்று ஃப்ளோரா சொல்லி அனுப்பினாள். ஆகுர்டியில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது சுவரில் ஓர் ஆணியும், அதற்கு நேர் கீழே ஒரு வாளியும், கேட்காமலே வைத்துவிடுகிறார்கள்.